வந்த மீன் வாய் திறக்கவில்லை

போன வாரம் என் மகன் கொழும்பிலிருந்து ஒரு மீன் கொண்டுவந்தான். கறிக்கு அல்ல. உயிரோடு, தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பையில், நானுஓயா வரை ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு!

கடல் மீன். மஞ்சள் உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. நுவரெலியாக் குளிரில் கடல் மீனா என்று கேட்காதீர்கள். உப்புத்தண்ணீர்த் தொட்டியை முன்பே தயார் செய்து, உள்ளே ஹீட்டரும் போட்டாயிற்று. இன்று எங்கள் வீட்டில் குளிராமல் இருக்கும் ஒரே ஜீவன் அதுதான். மற்றவர்களெல்லாம் ஸ்வெட்டரோடு நிற்கிறோம்.

இத்தனை ஆர்ப்பாட்டமும் யாருக்காக? என் மருமகள் நிரோஷாவுக்காக. மன்னார்ப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து அதிக நாளாகவில்லை. கடலைப் பார்த்தே வளர்ந்தவள், மலையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏங்கிப்போவாள் என்று மகனுக்குக் கவலை.

மீன் வந்தது... சாப்பிடவில்லை.

சாப்பிட வைப்பது என்றால் நான் யாருக்கும் சளைத்தவள் அல்ல — உங்களுக்குத்தான் தெரியுமே. இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டேன். பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கடையில் கொடுத்த தீனியைப் போட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். ஒரு வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அக்கம்பக்கம் பார்க்க வரும். பார்த்தால் மட்டும் போதுமா? அவர்கள் சாப்பிடுவதையும் பார்க்க வேண்டும். "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாவிட்டால் மரியாதைக் குறைச்சல். மீனுக்கும் அதே மரியாதை நடந்தது. பக்கத்து வீட்டு சரசக்கா தேங்காய் ரொட்டியைப் பிய்த்துப் போடப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவாரா? கண்ணாடியைத் தட்டி, "சாப்பிடு தங்கம், வெக்கப்படாத" என்றார். என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னாலேயே போட்டுவிட்டார்.

மீன் மெலிந்துகொண்டே போனது. மகன் கடைக்குப் போன் போட்டான். இப்படியே பட்டினி கிடந்தால் பிழைக்காது என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள்.

அன்று நிரோஷா அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இது செத்துப்போனால் இன்னொன்று கொண்டுவர வேண்டாமாம். எனக்குத் திக்கென்றது. மீனை மட்டும் நினைத்துப் பேசும் குரலாக அது எனக்குப் படவில்லை.

மறுநாளும் தொட்டியைச் சுற்றிக் கூட்டம். நான் இறால் கிண்ணத்தோடு முன்வரிசையில். நிரோஷா மெதுவாகச் சொன்னாள்:

"இத்தனை பேர் சுத்தி நிண்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தா, ஆருக்கு மாமி சாப்பாடு இறங்கும்?"

மீனைத்தான் சொன்னாள். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எனக்கு அவளுடைய மத்தியானத் தட்டு நினைவுக்கு வந்தது. சுற்றி நாங்கள் அத்தனை பேரும். கையில் கரண்டியோடு அவள் தலைக்கு மேலேயே நான். பாதிச் சோற்றிலேயே அவள் எழுந்துவிடுவாள். கொஞ்சமாகச் சாப்பிடுகிற பெண் என்று நானே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பாவம், பசியோடு இருந்திருக்கிறாள்.

ஒன்று புரிந்துவிட்டால் எனக்குத் தாமதம் கிடையாது. டீ தருகிறேன் என்று சரசக்காவை அடுப்படிக்குக் கிளப்பினேன். வீட்டுக்காரரை நாற்காலியோடு அப்புறப்படுத்தினேன். இறாலைப் பாறை இடுக்கில் செருகி, கண்ணாடிக்கு முன்னால் ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டேன். ஹாலில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

வெகுநேரம் கழித்துச் சேலையை லேசாக விலக்கினேன். பாறையில் இறால் இல்லை. மீன் இன்னும் அந்த இடுக்கைக் கொத்திக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் எல்லோரையும் கூப்பிடப் போய்... வாயைப் பொத்திக்கொண்டேன்.

உபசாரத்தில் பாதி பரிமாறுவது. மீதிப் பாதி, இடத்தைக் காலி செய்வது. இதை எங்கள் ஊருக்குப் புரியவைக்க நான் படப்போகும் பாடு வேறு கதை.

அன்று இரவு சோற்றையும் கறியையும் மேசையில் வைத்து, மகனையும் மருமகளையும் அங்கே விட்டுவிட்டு, வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன்.

நிரோஷா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். நான் பார்க்கவில்லை — கரண்டிச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.