கஞ்சி போட்ட கொசுவலை

போன வாரம் கூரியர்க்காரர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் உள்ளே கறுப்பாக ஒரு கம்பிவலை, நாலு மூலைக்கு நாலு கொக்கி, கூடவே ஏழு மொழிகளில் விளக்கத்தாள். ஏழில் தமிழ் இல்லை. என் மகன் ஆர்டர் போட்டது. காரின் ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுவதாம். வெளியூர் போகும்போது பூச்சி, இலை, குப்பை எதுவும் உள்ளே புகுந்து அடைக்காமல் காக்குமாம்.

"லேட்டஸ்ட் டெக்னாலஜிம்மா" என்றான்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த லேட்டஸ்ட் டெக்னாலஜியை எங்கள் அப்பா தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு எண்பதுகளிலேயே கண்டுபிடித்துவிட்டார். அதைக் கஞ்சி போட்டுக் கெடுத்தவள் நான்.

எங்கள் வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்பாவுக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துவிடுவீர்கள். மேற்குத் தாம்பரத்தில் அப்போது எங்களைப் போன்ற வீடுகளில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. டிவிக்குப் பூப்போட்ட உறை. மிக்ஸிக்கு ஒன்று. கிரைண்டருக்கு அம்மாவின் பழைய புடவையில் தைத்தது. ஃபிரிட்ஜின் கைப்பிடிக்குக்கூடக் குளிர்காலத்துக் குழந்தைக்குப் போடுவதுபோல ஒரு சட்டை. புது நாற்காலியின் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தால் வீட்டில் கொலை விழும். உட்கார்ந்தால் சரசரக்கும், முதுகு வேர்க்கும், எழுந்தால் தாளும் கூடவே எழுந்து வரும். இருந்தாலும் நாற்காலி புதுசாகவே இருந்தது. உறை போடாமல் வளர்ந்தது அக்காவும் நானும் மட்டும்தான்.

அப்படிப்பட்ட அப்பா, கிண்டியில் ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க், ஒரு வெள்ளை அம்பாசிடரை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். முதல் தடவை காஞ்சிபுரம் போய்வந்த மறுநாள், முடிச்சூர் ரோட்டு மெக்கானிக் காரின் முகத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "சார், ரேடியேட்டர் பூரா பூச்சியா கீது. இப்டியே வுட்டா அடைச்சிகினு எஞ்சின் கொதிச்சிடும்" என்றார். சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அப்பாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. முடிச்சூர் அப்போது வயல்காடு. வண்டலூரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் நெல்லும் ஏரியும். மழை விட்ட மறுநாள் காரில் போனால் ஈசல், தட்டான், வெட்டுக்கிளி, பெயர் தெரியாத பச்சைப் பூச்சிகள் எல்லாம் நேர்ந்துகொண்டதுபோல வந்து மோதும். வைப்பரைப் போட்டால் கண்ணாடி முழுக்கக் கூழாகிவிடும். ஊர் திரும்பியதும் அப்பா பழைய டூத் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு காரின் முன்னால் குந்திவிடுவார். "நம்ம பல்லைக்கூட இவ்ளோ நேரம் தேய்க்கச் சொன்னதில்லடி" என்பாள் அக்கா.

அப்புறம்தான் ஒருநாள் பரணில் இருந்த கொசுவலையை இறக்கி, கத்திரிக்கோலை வைத்துவிட்டார். காரின் முகத்துக்கு அளவெடுத்து வெட்டி, ஓரம் அடித்து, நாடா தைத்து, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார். மிச்சம் ஒரு ஆளுக்குக்கூடப் போதவில்லை. தாம்பரத்துக் கொசு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். "கார் கொசுவலைக்குள்ள தூங்குது, நாம சொறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்று அம்மா கத்தினாள். யார் கேட்டார்கள்? நியாயமாகச் சொல்ல வேண்டும், வலை வேலை செய்தது. ஒற்றை மடிப்பாக இருந்தவரை காற்றும் போயிற்று, பூச்சியும் நின்றது. தெருவில் கார் வைத்திருந்த இன்னொருவரைக் கூட்டிவந்து அப்பா வலையைக் காட்டினார்.

இந்த நேரத்தில்தான் அக்காவின் நிச்சயதார்த்தம் வந்தது. அக்காவுக்கு இருபத்தெட்டு. அந்தக் காலத்தில் அந்த வயதைச் சொல்லும்போது அம்மா குரலைத் தணித்துக்கொள்வாள். இரண்டு இடம் கைகூடும் போல வந்து நின்றுபோயிருந்தது. இது மூன்றாவது. மாப்பிள்ளை திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியர். அவர்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ராகு காலம். மாப்பிள்ளையின் அத்தை முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்: "அதுக்கு முன்னாடி தட்டு மாத்தலேன்னா சாமிக்கே இஷ்டமில்லன்னு அர்த்தம். விட்டுடலாம்."

முந்தின நாள் அப்பா வலையை என் கையில் கொடுத்தார். "சம்பந்தி வீட்டுக்கு முன்னாடி இந்த அழுக்கோட போய் நிக்க முடியுமா? துவைச்சுப் போடும்மா."

துவைத்தேன். நீலம் போட்டேன். வலை துவண்டு கிடந்தது. அடுப்படியில் அப்பாவின் வேட்டிக்கு வைத்திருந்த கஞ்சி இருந்தது. அந்த வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. அக்காவுக்கு நல்லது நடக்கப் போகிறதே என்ற சந்தோஷத்தில் தாராளமாகவே முக்கினேன். ஒற்றையாக இருந்தால் பகட்டாக இல்லை என்று, வெட்டியது போக மிஞ்சியிருந்த துண்டையும் முக்கி மேலே சேர்த்து இரட்டையாக்கிக் காயப்போட்டேன். காய்ந்ததும் வலை அப்பளம் மாதிரி நின்றது. அப்பா விரலால் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது. "இதாம்மா வேலை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வலையின் கண்ணெல்லாம் கஞ்சியில் மூடிக்கொண்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. நான் இயற்பியல் பட்டதாரி, அதுவும் முதல் வகுப்பு. வெளியே சொல்லாதீர்கள்.

விடிந்ததும் கிளம்பினோம். சிங்கப்பெருமாள் கோவிலில் முதல் கொதி. பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்தது. ஆற வைத்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினார் அப்பா. வலையை அவிழ்த்து வெளிச்சத்தில் பார்த்தார். "பாத்தியா, உள்ள ஒரு பூச்சி போகல. இது மட்டும் இல்லேன்னா இன்னும் மோசமாயிருக்கும்" என்று மறுபடி இன்னும் இறுக்கிக் கட்டினார். பாலாற்றுப் பாலம் தாண்டி இரண்டாவது கொதி. அம்மா தெரிந்த சாமிகளை முடித்துவிட்டுத் தெரியாத சாமிகளுக்குப் போயிருந்தாள். மதுராந்தகம் ஏரிக்கரையில் மூன்றாவது முறை வண்டி நின்றபோது மணி ஒன்பதேகால். இந்த இடமும் போய்விட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்பா ஏரியில் குடத்தை முக்கித் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார். லாரிக்குத் தண்ணீர் பிடிக்க வந்த டிரைவர் ஒருவர் எங்கள் காரின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.

"இன்னா சார், வண்டி மூஞ்சில அட்டையக் கட்டி வச்சிகினு கீற?"

"அட்டை இல்லப்பா, கொசுவலை. பூச்சி உள்ள போகக் கூடாதுன்னு."

டிரைவர் வலையைத் தட்டினார். டொக். "பூச்சி போவாது சார். காத்தும் போவாது. அதான் பேஜார்."

"எனக்குத் தெரியும்பா. நீ உன் வேலையைப் பாரு" என்றார் அப்பா. ஹெட் கிளார்க் அல்லவா. சொல்லிக்கொண்டே அவிழ்ந்திருந்த நாடாவைத் திரும்பக் கட்டப் போனார்.

பின்சீட்டில் இருந்த அக்கா கதவைத் திறந்து இறங்கினாள். அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லி. நேராகப் போய் வலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழு. காய்ந்த கஞ்சி பொடிப்பொடியாக உதிர்ந்து, வலை இரண்டாகக் கிழிந்தது.

"ரேடியேட்டர் போனா வேற வாங்கிக்கலாம்பா. என்னால இன்னொரு தடவை சீவிச் சிங்காரிச்சிக்கிட்டு யார் முன்னாடியும் உக்கார முடியாது."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு கையில் மிஞ்சிய நாடாவைப் போட்டுவிட்டுப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

ஐப்பசி மாதம். அச்சிறுபாக்கம் பக்கம் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. சாதாரண நாளாக இருந்தால் அப்பா வண்டியை ஓரங்கட்டி, எல்லாம் போய் முடிகிற வரை காத்திருப்பார். அன்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஒவ்வொன்று மோதும்போதும் அவர் தோள் மட்டும் சுருங்கியது. வலை போன பிறகு எஞ்சின் ஒரு முறைகூடக் கொதிக்கவில்லை.

கோயில் வாசலில் வண்டி நின்றபோது பத்து இருபது. காரின் முகம் முழுக்க, கம்பிக்குக் கம்பி, மஞ்சள் இறக்கைகள். மாப்பிள்ளையின் அத்தை தூரத்திலிருந்தே கையைத் தட்டினார். "அடேயப்பா, காருக்குக்கூடச் சாமந்தி வச்சி அலங்காரம் பண்ணிட்டு வந்திருக்காங்க! அதான் நேரமாயிடுச்சு."

"மங்களகரமா இருக்கட்டுமேன்னுதாங்க" என்றார் அப்பா, கொஞ்சமும் வெட்கமில்லாமல். அத்தை பக்கத்தில் வந்து பார்த்துவிடாமல் அம்மா காரை மறைத்துக்கொண்டு நின்றாள். தட்டு மாற்றியாயிற்று.

அந்தப் பயணத்தைப் பற்றி அப்பா பல பேரிடம் சொல்லியிருக்கிறார். "வலை கொஞ்சம் டைட்டாயிடுச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கஞ்சி யார் போட்டது என்று சாகும்வரை யாரிடமும் அவர் சொல்லவில்லை.

நேற்று மகனோடு திண்டிவனம் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். இதுவும் ஐப்பசிதான். முதல்நாள் நல்ல மழை. புது வலையை மாட்டிக்கொண்டு போனோம். போகும் வழியில் வயலைத் தேடினேன். மனை விற்பனைப் பலகைகள்தான் வரிசையாக வந்தன. முடிச்சூரில் எங்கள் அடுக்குமாடியின் கீழே வண்டியை நிறுத்தியதும் மகன் குனிந்து பார்த்தான்.

"அம்மா, இங்க பாரு, ஒரு பூச்சி இல்ல. செம்மையா வேலை செய்யுது."

அப்படியே அவன் தாத்தா. நான் முன்பக்கக் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தேன். அதற்கு யாரும் வலை மாட்டவில்லை. போக வர இருநூறு கிலோமீட்டர் ஓடிய கண்ணாடியில் தூசி மட்டும்தான் இருந்தது. ஒரு ஈசல் இறக்கைகூட இல்லை.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோமா என்று கேட்க அக்கா போன் செய்தாள். கண்ணாடியில் பூச்சியே ஒட்டவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்லக்கா."

அக்கா சொன்னாள்: "அன்னிக்கு எனக்காக எத்தனை பட்டாம்பூச்சி செத்துதோடி."