தலையணைக்கு அடியில் கருவாடு

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறைக்கு, ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு வடக்கே காட்டுக்குக் காரில் போயிருந்தோம். கூடாரம் அடித்ததும் சீருடைக்காரர் ஒருவர் வந்து, சாப்பாடு எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். போர்க்காலத்தில் ஊர்ச் சோதனைச்சாவடிகளில் சீருடைக்காரரிடம் சாப்பாட்டைப் பறிகொடுத்துப் பழகியவள் நான். ஒன்றுமில்லை என்றேன்.

"இஞ்சரப்பா, உவன் ஏன் எங்கட சாப்பாட்டைக் கேக்கிறான்?" என்று கணவரிடம் முணுமுணுத்தபடி, பொரித்த கருவாட்டைப் பிள்ளைகளின் தலையணைக்கு அடியில் ஒளித்தேன்.

எல்லோருமாக ஏரியில் குளித்துவிட்டுத் திரும்பினால் கூடாரம் கிழிந்து கிடக்கிறது. கருவாட்டு மணத்துக்கு வந்த கரடி ஒன்று மகளின் தலையணையைப் பிய்த்துக்கொண்டிருந்தது! கார் ஹோர்ன் அடித்து அதைக் கலைத்தவர் அதே சீருடைக்காரர்தான்.

"காருக்குள்ள வச்சுப் பூட்டச் சொல்லத்தான் கேட்டவராம், அம்மா" என்றாள் மகள்.

இப்போதெல்லாம் காட்டில் சீருடையைக் கண்டால், கேட்குமுன்பே கார் டிக்கியைத் திறந்து காட்டிவிடுகிறேன். ஆனால் அவர் போகும்வரை சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.