சிவப்புப் பட்டு தடுத்த நீலம்

பந்தியில் உட்கார்ந்தால் பத்மப்ரியாவின் கண் முதலில் பக்கத்து இலைக்குத்தான் போகும். பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் பாடம் எடுக்கிறாள்; அடுத்த பிரிவில் எத்தனை பேர் முழு மதிப்பெண் வாங்கினார்கள் என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் வராது. நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தபோது அந்தக் குணமும் கூடவே வந்தது. பிரசவ வார்டுக்கும் வந்தது.

தம்பானூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு கட்டில் போட்ட அறை. மற்றக் கட்டிலில் கரமனை அக்ரஹாரத்து ஸ்மிதா. இருவருக்கும் ஆண் குழந்தை, இரண்டுக்கும் மஞ்சள் காமாலை கண்டிருந்தது. கண்ணைத் துணியால் மூடிக் கட்டி, கட்டிலருகே தொட்டிலில் நீல விளக்கின் கீழ் கிடத்தியிருந்தார்கள். விளக்குக்கும் பிள்ளைக்கும் நடுவே எதுவும் வரக்கூடாது என்று நர்ஸ் நீது கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஸ்மிதாவைப் பார்க்க வந்த கூட்டத்துக்குக் கணக்கில்லை. வந்தவர்களெல்லாம் இந்தத் தொட்டிலையும் எட்டிப் பார்த்து, நல்ல எடை, நல்ல முடி என்றார்கள். கண் பட்டுவிடப்போகிறது என்று பத்மப்ரியா பயந்தாள். மாமியார் கோயிலில் வாங்கி வந்த சிவப்புப் பட்டுத் துணியை எடுத்துத் தொட்டிலின் மேல் பந்தல் மாதிரி விரித்தாள். நீதுவின் செருப்புச் சத்தம் கேட்டால் உருவித் தலையணைக்கடியில் வைப்பாள். போனதும் மறுபடி விரிப்பாள்.

ஸ்மிதாவின் பிள்ளை வெளிச்சம் பொறுக்காமல் அழுதது. இவள் பிள்ளை நிம்மதியாகத் தூங்கியது. அதில் இவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஸ்மிதாவின் பிள்ளைக்கு மஞ்சள் இறங்கியிருந்தது. இவள் பிள்ளைக்கு ஏறியிருந்தது. அதே விளக்கு, அதே அறை. கண் பட்டேவிட்டது என்று முடிவு கட்டிப் பட்டுத் துணியை இரண்டாக மடித்துப் போட்டாள். சாயங்காலமும் இறங்காவிட்டால் குழந்தையின் ரத்தத்தையே மாற்ற வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். கணவன் கௌசிக் வெளியே போய் நின்றான். ஸ்மிதாவைப் பார்க்கவே பத்மப்ரியாவுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்மிதா பேச்சுக் கொடுத்தாள்.

"டீச்சரே, இது ஏன் நீலமா இருக்கு? சிவப்பு லைட் போட்டாப் போறாதா?"

ஸ்மிதாவிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்கிறதே என்று பத்மப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒளி அலையாக வருகிறது, ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அலைநீளம் என்று ஆரம்பித்தாள். சிவப்பின் அலை நீளமானது, நீலத்தினுடையது குட்டை. தோலில் தேங்கிய மஞ்சள் பொருள் நீலத்தை நன்றாக உறிஞ்சிக் கரையத் தயாராகும், சிவப்பைக் கண்டுகொள்ளாது.

"சிவப்பு போட்டா ஒண்ணும் நடக்காது. சிவப்புக் கண்ணாடியோ துணியோ குறுக்கே வச்சாலும் அப்படித்தான். சிவப்பை மட்டும் விடும், நீலத்தைத் தடுத்து..."

வாய் நின்றுவிட்டது. ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் வரைகிற படம், தொட்டிலின் மேல் மடித்துக் கிடந்தது. அடியில் பிள்ளை இருட்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

பட்டுத் துணியை இழுத்தெறிந்தாள். ஸ்மிதாவுக்குத் தெரியாமல் நீதுவைத் தனியே கூப்பிடலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு மணியை அடித்து, ஸ்மிதா கேட்கவே எல்லாவற்றையும் சொன்னாள்.

"டீச்சர் பிள்ளைங்களுக்கு இதத்தான் படிப்பிக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, நீது டாக்டரிடம் ஓடினாள்.

விளக்கை இன்னும் நெருக்கி வைத்தார்கள். சாயங்காலப் பரிசோதனையில் மஞ்சள் கொஞ்சம் இறங்கியிருந்தது. ரத்தம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் ஸ்மிதா பிள்ளையோடு வீட்டுக்குக் கிளம்பினாள். போகிறபோது குனிந்து, "உங்க கொச்சுக் குழந்தை அழாமத் தூங்கறதைப் பாத்து எனக்கு அசூயையா இருந்தது, கேட்டோ" என்று மலையாளம் கலந்து சொன்னாள்.

தொட்டிலில் பிள்ளை கைகால் உதைத்துக் கத்தியது. கத்தட்டும் என்று பத்மப்ரியா விட்டுவிட்டாள். கண் மட்டும் காலியான பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தது. தனக்கு முந்தி வீட்டுக்குப் போனது ஸ்மிதாதான்.