பாட்டு நின்றால் வண்டி நிற்கும்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், போய் வேலையைப் பாருடா என்று எழுந்து போகிற ஆள் நான். லாரிக்காரன் பார்க்காத சுடுகாடா? நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். நடந்தது ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல்.

மண்ணூர்பேட்டை அந்தோணியும் நானும் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஒருத்தன் ஓட்டினால் மற்றவன் பாட வேண்டும், அது எங்கள் சட்டம். பாட்டு நின்றால் பாடுகிறவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம், அடுத்து ஓட்டுகிறவனுக்கும் கண் சொக்கும், அதனால் உடனே ஓரம் கட்டிவிட வேண்டும். எனக்குக் கழுதைக் குரல். அவனோ தானே கட்டின ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஓசூர் வரை இழுப்பான்.

“டயரு தேஞ்சாலும் ரோடு தேயாது மாமே, ஊடு வர்ற வரிக்கும் கண்ண மூடாத மாமே...”

அந்தச் சனிக்கிழமை, அம்பத்தூர் எஸ்டேட் சரக்கை பெங்களூரில் இறக்கிவிட்டு விடியும்போது திரும்பினோம். மறுநாள் மாதா கோயிலில் அவன் மகளுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள், வெள்ளை கவுன்கூடத் தைத்தாகிவிட்டது.

“எப்டினா என்னை ஊட்ல சேத்துடு மாமே, புள்ள காத்துகினு கீது.”

சொல்லிவிட்டு இடப்பக்கம் சாய்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தான். மழை வேறு. எனக்கோ சரியான தூக்கமில்லை, அந்தப் பாட்டு மட்டும் இல்லையென்றால் எங்கேயாவது பாலத்தில் விட்டிருப்பேன், சத்தியமாக.

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களைத் தாண்டும்போது பாட்டு நடுவரியில் நின்றது. பழக்கதோஷத்தில் ஓரம் கட்டினேன். ஊடே வந்துட்ச்சு, இப்ப இன்னாடா தூக்கம் என்று துண்டை இழுத்தேன். ஐயோ, அந்த முகத்தை எப்படிச் சொல்வேன்.

உடம்பு கட்டையாக விறைத்திருக்கிறது, உயிர் காலை ஏழு மணிக்கே போயிருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இதுவரைக்கும் பாடிக்கொண்டு வந்தான் சார் என்றேன். அவர் கிட்டே வந்து என் வாயை முகர்ந்து பார்த்தார்.

அவன் மனைவி ஸ்டெல்லா அழக்கூட இல்லை.

“நெஞ்சு வலியில துடிச்சிருப்பாரேண்ணே, நீ ஒரு தபா திரும்பிப் பாக்கலியா?”

பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது என்று எத்தனையோ சொன்னேன், நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. அவளைத் தப்பு சொல்ல முடியுமா, நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. வாலாஜா தாண்டி ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, டீ வாங்கி அவன் பக்கத்து ஜன்னலில் நீட்டினேன். அப்போது மணி பதினொன்று இருக்கும். துண்டை விலக்காமலே கையை நீட்டி வாங்கினான். விரல் சில்லென்று இருந்தது, மழை ஈரம் என்று விட்டுவிட்டேன். காலி கிளாஸை நான்தான் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.