சிவப்பு வட்டங்கள்

ஒன்பதாம் வகுப்பில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடத்தான். ஓர் எழுத்து நம்மை எப்படித் தன் பக்கம் இழுக்கிறது என்று தமிழ்ப் பாடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். ஆசை காட்டுகிறதா, பயம் காட்டுகிறதா, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கவேண்டும். கண்ட இடத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போடவேண்டும். பத்திரிகைத் தலையங்கம், பற்பசைப் பெட்டி, கோயில் திருப்பணிக்குக் காசு கேட்கும் துண்டுப் பிரசுரம் என்று ஒன்றும் என்னிடமிருந்து தப்பவில்லை.

அப்பா துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துபவர். மண்ணெண்ணெய் விலை ஏறி, படகுகள் கரையில் கிடந்த காலம் அது. கட்டார் நாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் ஒருவரின் விளம்பரத்தாள் அவருடைய சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது. பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார். அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அம்மாவோ வாயே திறக்கவில்லை. எதிர்த்துக் கதைத்தால் அப்பா இன்னும் இறுகிப்போவார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அந்தத் தாள் என் மேசையில், சிவப்புப் பேனைக்குக் கீழே கிடந்தது. நான் விடுவேனா? பின்னேரம் அப்பா குளித்துவிட்டுக் கதிரையில் வந்து இருந்தார். அம்மா தேத்தண்ணீரைக் கொடுத்தார்.

"உங்கட மகள் பள்ளிக்கூடத்தில என்னவோ புதுசாப் படிக்கிறாளாம். ஒருக்காக் கேளுங்கோவன்."

படிப்பு என்றால் அப்பா மறுக்கமாட்டார். நான் தாளை விரித்தேன்.

"அப்பா, 'உங்கள் ஊரவர் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள்' எண்டு போட்டிருக்கு. எல்லாரும் எண்டால் ஆர்? ஒரு பேரும் இல்லை. 'இன்றே முந்துங்கள்' எண்டு சொல்லுறது யோசிக்க விடாமல் பண்ண. படத்தில குடும்பமே ஒண்டா நிண்டு சிரிக்குது. தகப்பன் கட்டாரில எண்டால் படத்துக்குள்ள எப்பிடி வந்தவர்?"

அப்பா சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.

"லீவு எப்ப எண்டு போட்டிருக்கோ?"

"இல்லையப்பா. அதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கினம்."

அவர் தாளை வாங்கி என் வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தேத்தண்ணீருக்குச் சீனி காணாதாக்கும் என்று நான் நினைத்தேன். அம்மா குனிந்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, நான் போகேல்லை" என்றார் அப்பா.

என்னிடம்தான் சொல்கிறார் என்று எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஒரு மனிதரைக் கடல் தாண்டாமல் மறித்தவள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எந்த எழுத்தும் இனி என்னை ஏமாற்ற ஏலாது என்று நண்பிகளுக்குச் சவாலும் விட்டேன்.

அந்தத் தாளில் நான் வட்டம் போடாத வரியே இல்லை. அப்பாவின் சட்டைப் பைக்குள் இருந்த தாள் என் பேனைக்குக் கீழே எப்படி வந்தது என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.