தரைப்பாலத்து முள்கிளை

அந்த முள்கிளையை இழுத்துப் போட்டவன் நான்தான். அதைத் திரும்ப எடுத்து வைக்காதவனும் நான்தான். மூன்று ஆண்டுகளாக என் மனைவிக்குக்கூடத் தெரியாத இதை உங்களிடம் சொல்கிறேன்... உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தென்பெண்ணையில் தண்ணீர் வந்து தரைப்பாலத்தின் மேல் ஏறிவிட்டால், அதிகாரிகள் வந்து தடுப்பு வைக்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. கரையில் நிலம் வைத்திருப்பவர் யாராவது ஒரு சீமைக்கருவேலங் கிளையை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டுவிடுவார். கிளை கிடந்தால் போகக் கூடாது. கிடக்கவில்லை என்றால் போகலாம். இரண்டையும் ஊரே நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் நான் கை வைத்தேன்.

எங்கள் முதல் திருமண நாள் அது. வில்லியனூரிலிருந்து காலையிலேயே பைக்கில் கிளம்பினோம். செல்வி இரண்டு வாரமாகத் திட்டம் போட்டிருந்தாள். பாகூர் ஏரி, அங்கே உள்ள பழைய சிவன் கோயில், குருவிநத்தம் பக்கமாக ஆற்றைக் கடந்து கடலூர்ப் பழைய துறைமுகம், கடற்கரை, பிறகு கிருமாம்பாக்கம் சாலை வழியாக வீடு. மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. வானம் கழுவி வைத்த தட்டுபோலப் பளிச்சென்று இருந்தது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியைக் கைப்பேசியில் பார்த்தேன். செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் பயணம் கெட்டுவிடுமே!

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். போகாதே என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ரயில்வே கேட்டை மூடினால்கூட என்னை மட்டம் தட்டவே மூடினார்கள் என்று தோன்றும். நல்ல நாளிலேயே அப்படி.

ஏரிக்கரை டீக்கடையில் ஒரு ஜோடியைப் பார்த்தோம். தினேஷ், திவ்யா. ஆறு மாதத்துக்கு முன்புதான் கல்யாணம் ஆகியிருந்தது. கிருமாம்பாக்கத்துக்காரர்கள். அவர்களும் ஸ்கூட்டரில் கடலூருக்குத்தான் போகிறார்கள். செல்வியும் அந்தப் பெண்ணும் ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். துறைமுகத்தில் சந்திப்பதாகப் பேச்சு. தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறதாமே, அந்த வழி சரிப்படுமா என்று தினேஷ் என்னிடம் கேட்டான்.

"நான் அந்த வழியாதான் போறேன். கெளை கெடந்தா திரும்பிக்கோ. கெடக்கலன்னா தாராளமா வாப்பா" என்றேன்.

நல்ல புத்திமதிதான்... அல்லவா?

பாலத்துக்குப் போனபோது கிளை கிடந்தது. நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லை, பூச்சிச் சத்தம்கூட இல்லை. பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. செல்வி இறங்கித் தண்ணீரைப் பார்க்க முன்னால் நடந்தாள். கிருமாம்பாக்கம் போய்ச் சுற்றிக்கொள்ளலாம் என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளையை ஓரத்துக்கு இழுத்தேன். முள் கிழித்து உள்ளங்கையில் ரத்தம் வந்தது. வண்டியைக் கிளப்பி, முன்னால் தண்ணீரையே பார்த்து நின்றவளை ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். நடுப்பாலத்தில் வண்டி ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்தது. செல்வி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

அக்கரையில் ஏறியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"கெளைய திரும்ப போட்டியா மாமா?"

"போட்டுட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? திரும்பிப் போகப் பயம். பயந்துவிட்டேன் என்று அவளிடம் ஒப்புக்கொள்ள வெட்கம். சரி, திரும்பிப் போக வேண்டாம்... அக்கரையிலேயே நின்று, அவர்கள் வரும்போது கையாட்டித் தடுத்திருக்கலாமே! கால் மணி நேரம் நின்றிருந்தால் போதும். நான் நிற்கவில்லை. நின்றால், ஏன் நிற்கிறாய் என்று அவள் கேட்பாள் அல்லவா?

துறைமுகத்தில் அவர்கள் வரவில்லை. விருந்தாளிக்காக வாசலைப் பார்ப்பதுபோலச் செல்வி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு மாறியிருப்பார்கள் என்றேன். வறுத்த வஞ்சிரத்தை வாங்கிச் சாப்பிட்டோம். கடல் அமைதியாக இருந்தது. அந்த அமைதியே எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் கிருமாம்பாக்கம் வந்தபோது கூட்டம் கூடியிருந்தது. தரைப்பாலத்தில் ஒரு ஸ்கூட்டரை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டதாம். பெண் நாணல் புதரைப் பிடித்துத் தப்பினாள். பையனைத் தேடுகிறார்கள். மறுநாள்தான் தினேஷ் கிடைத்தான்.

கருமாதிக்குச் செல்வி என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்த வீட்டில் இரண்டே பேச்சுதான். கிளையே கிடக்கவில்லை என்று திவ்யா சொல்லிக்கொண்டிருந்தாள். இவள்தான் ஆசைப்பட்டுப் புருஷனைக் கிளையை எடுக்க வைத்தாள் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் செல்வியிடம், நீங்கள் போகும்போது கிளை கிடந்ததா என்று கேட்டார். செல்விக்குப் பொய் வராது.

"கெடந்துச்சும்மா. எங்க வூட்டுக்காரரு எடுத்தாரு, திரும்ப போட்டுட்டுதான் வந்தாரு."

திவ்யா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வீடே என்னைப் பார்த்தது.

"அண்ணா... நீங்க போட்டீங்களா?"

உள்ளங்கையில் முள் கிழித்த காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை. கையை மடக்கிக்கொண்டேன்.

"போட்டேம்மா."

அவ்வளவுதான். நான் கொன்றது ஒருவனை என்றால், வாயடைத்தது ஒருத்தியை. அந்த வாரமே அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷனை ஆற்றுக்குக் கொடுத்தவள் என்ற பெயர் அவளோடு போனது.

போலீஸிடம் போகலாம் என்று எத்தனையோ நாள் கிளம்பியிருக்கிறேன். அவள் வீட்டுத் தெருமுனைவரை இரண்டு முறை போனேன். திரும்பி வந்தேன். என்ன மனிதன் நான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் மறுபடி மழை. தரைப்பாலம் முழுகிவிட்டதாம். மத்தியானம் சோறு போட்டபடியே, சந்தையில் திவ்யாவின் சித்தியைப் பார்த்ததாகச் செல்வி சொன்னாள். திவ்யா இப்போது யாருடனும் சண்டை போடுவதில்லையாம்.

"கெளை கெடந்துதான் இருக்கும், நான்தான் பாக்கலன்னு அதுவே சொல்லுதாம் மாமா. இப்பவாவது ஒத்துக்கிச்சே, பாவம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஊற்றச் சொன்னேன்.