வாசிக்கப்படாத மூன்றாம் ஓலை

சனிக்கிழமை ஐந்தரைக்குப் பாவசங்கீர்த்தன வரிசையில் முதல் ஆளாகத் தனிஸ்லாஸ் நிற்கிறார். சாமியார் இன்னும் டீ குடித்து முடித்திருக்கமாட்டார். சட்டைப் பையில் நான்காக மடித்த அட்டை. அதில் அந்த வாரத்துப் பாவங்கள், பென்சிலில், எண் போட்டு. போன வாரத்துப் பட்டியலை எனக்கே படித்துக் காட்டினார்: "குர்லா லோக்கல் டிரெயின்ல ஒரு ஆள இடிச்சிட்டு சாரி சொல்லல. கறி ஆகாத வெள்ளிக்கெழம பக்கத்து வீட்டுக் கோழிக்கொழம்ப வேணும்னே மோந்து பாத்தேன். செபமாலையில நாலாவது பத்துல கொட்டாவி."

அவர் முழங்காலிடும் பலகையில் இரண்டு குழி விழுந்து, மழைக்காலத்தில் அதில் தண்ணீர் தேங்கி, சின்னச் சாமியார் ஒரு வருஷம் மீன் வளர்த்தார். நம்பமாட்டீர்கள். குழி விழுந்தது வரைக்கும் சத்தியம்.

மும்பை தாராவியில் ஒரு பட்டறையில் முப்பத்திரண்டு வருஷமாகப் பைகளுக்கு ஜிப் பொருத்துகிறார். மற்றவர்கள் பொருத்தியதும் ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். இவர் ஒன்பது தரம். "பஸ் கரோ சாச்சா, போதும், ஜிப்புக்கே மூச்சு வாங்குது" என்று கூட வேலை செய்யும் இஜாஸ் கத்துவான்.

இப்படிச் சுத்தம் பார்க்கிறவர் நான்கு வருஷமாகப் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதில்லை. பெஞ்சு முழுக்க எழுந்து போகும். இவர் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. அந்நேரம் நாங்களெல்லாம் மாப்பிள்ளையின் நிறத்தைப் பற்றிக் குசுகுசுத்துக்கொண்டிருப்போம். கடமை என்ற சொல்லைக் காதில் வாங்கியவர் இவர் ஒருவர்தான்.

நான்கு வருஷம் முன்பு, என் மாடியிலேயே குடியிருக்கும் ஜெசிந்தாவுக்கு இரண்டாம் ஓலை வாசித்த அன்று அவருக்குத் திக்கென்றது. முந்தின வருஷம் வாஷியில், ரிஜிஸ்டர் கல்யாண ஆபீஸ் வாசலில், ஒரு பையன் பக்கத்தில் அவள் மாலையோடு நின்றதைப் பார்த்திருக்கிறார். சாமியாரிடம் ஓடிச் சொன்னார். "விசாரிக்கிறேன், நீர் வாயைத் திறக்காதேயும்" என்றார் சாமியார். தனிஸ்லாஸுக்கு அது போதவில்லை. அன்று மாலையே சீத்தா கேம்ப் போய் மாப்பிள்ளையின் அப்பாவிடமும் சொல்லிவிட்டார்.

அவர் பார்த்தது ஜெசிந்தாவின் தோழி சாதனாவின் கல்யாணம். இவள் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனவள். போட்டோவுக்காக ஒரு நிமிஷம் மாலையைக் கையில் வாங்கியிருந்தாள். மூன்றே நாளில் விஷயம் தெளிந்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பவில்லை. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவே இல்லை. ஓலை நின்ற பெண் என்று அதற்குப் பிறகு ஒரு வரனும் படியேறவில்லை. அவள் இப்போது எங்கள் கோயிலுக்கு வராமல் பூசைக்குச் சயானுக்குப் போகிறாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கொடுத்த அபராதத்தைத் தனிஸ்லாஸே என்னிடம் சொன்னார்: அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், கெடுத்த பேரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஐம்பத்து மூன்று மணி செபமாலையை ஐந்நூறு தரம் சொன்னார். பாந்த்ரா மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தார். அந்த ஒரு கதவை மட்டும் தட்டவில்லை. அபராதம் முடியாததால் நற்கருணையும் வாங்கவில்லை.

"ஏன்யா, போய் ஒரு வார்த்த சொன்னா அந்தப் புள்ள கடிச்சா திங்கப்போவுது?" என்றேன்.

"கடிச்சாலும் பரவால்லக்கா. 'சரி, போங்க'ன்னு சொல்லிட்டா என்ன செய்யட்டும்?"

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு நாள் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். நான் நடைவழியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா கதவைத் திறந்ததும், பதற்றத்தில், சாமியாரிடம் சொல்வது போலவே "பாவியாயிருக்கிற என்னை" என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"நான் என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியும்லா மாமா" என்றாள் அவள். "எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதீங்க? சீத்தா கேம்ப்ல சொன்னீங்களா?"

"அந்தப் பையனுக்குப் புள்ளையே பொறந்தாச்சு தாயி."

"அப்ப இப்ப யாருக்காக வந்தீங்க?"

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பேரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. தனிஸ்லாஸ் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே மதீனா பீவி. ஆறு மாதம் முன்பு குடிவந்தவள். "பக்கத்து வீட்டுப் புள்ள மேல நான் சொன்னதெல்லாம் பொய்ம்மா. அவ ஏற்கெனவே கல்யாணம் முடிச்சவ இல்ல. என்னாலதான் அவ கல்யாணம் நின்னுச்சு."

"யா அல்லா!" மதீனா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "அந்தப் புள்ளைக்கா? இப்படியெல்லாம் நடந்துச்சா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

தெரியாத ஒரே வீடு அதுதான். தனிஸ்லாஸ் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முகத்தில் ஏதோ தெளிவு வந்தவர் போல அதற்கடுத்த கதவை நோக்கிக் கையை ஓங்கினார்.

ஜெசிந்தா வெளியே வந்தாள். ஓங்கிய அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து, தூங்குகிற பிள்ளையின் கையை இறக்குவது போல, மெல்லக் கீழே இறக்கினாள்.